"எழுத்து எங்கே இருக்கு, டீச்சர்?"

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. பள்ளி முடிந்த பிறகு எங்கள் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து மாணவர்கள் ஒரு மடிக்கணினியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். திரையில் வாழையிலைப் பச்சை நிறத்தில் ஒரு வட்டம். அதன் மேல் நல்ல சிவப்பில், கொட்டை எழுத்தில் ஒரு கடையின் பெயர். மறுநாள் காலை அந்தப் படத்தை அச்சகத்திற்கு அனுப்ப வேண்டும். 2,000 ஸ்டிக்கர்கள் அச்சாகி, முறுக்குப் பொட்டலங்களின் மேல் ஒட்டப்படும். அதே நிறங்கள்தாம் நாங்கள் செய்துகொண்டிருந்த இணையத்தளத்திலும் வரப்போகின்றன.

அதுவரை பக்கத்து மேசையில் ஆணைப் படிவத்திற்கான நிரலை எழுதிக்கொண்டிருந்த படிவம் 4 மாணவன் ஒருவன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். கொஞ்சம் குனிந்தான். பிறகு கேட்டான்:

"இலை நல்லா இருக்கு. ஆனா எழுத்து எங்கே இருக்கு, டீச்சர்?"

மற்ற நால்வரும் சிரித்தார்கள். அவன் விளையாட்டாகச் சொல்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால், அவன் சிரிக்கவில்லை.

மாணவர்களே, ஒரு வாடிக்கையாளருக்காக இணையத்தளமும் வணிக அடையாளமும் உருவாக்குவது ஓவியம் நன்றாக வரைபவர்களின் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்குள் இயற்பியல் இருக்கிறது, உயிரியல் இருக்கிறது, கணிதமும் இருக்கிறது. அவற்றை மறந்தால் என்ன ஆகும் என்பதை அன்று மாலை நாங்கள் தெரிந்துகொண்டோம்.

"நான் மயில் விற்கலையே!"

எங்கள் வாடிக்கையாளர் பெரிய நிறுவனம் அல்ல. பள்ளிக்கு அருகிலுள்ள தாமானில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அம்மா. மாணவர்கள் அவரை 'முறுக்கு ஆண்டி' என்பார்கள். ஆணைகள் எல்லாம் தொலைபேசியில் வரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். முந்தைய தீபாவளியில் இரண்டு ஆணைகள் மாறிப்போய், வெளியூர்க் குடும்பம் ஒன்றுக்குப் பலகாரம் போய்ச் சேரவே இல்லை. அதற்கு முன் யாரிடமோ பணம் கொடுத்து ஓர் இணையத்தளம் செய்து வாங்கியிருந்தார். அது கைப்பேசியில் திறக்கவே வெகுநேரம் பிடித்தது. திறந்தாலும் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்தன.

"இனிமே இதுல காசு போட எனக்குத் தெம்பு இல்ல, டீச்சர். இந்த ஸ்டிக்கர் காசுகூட மாவு வாங்க வெச்சிருந்ததுதான்," என்று அவர் சொன்னது என் காதில் இருந்துகொண்டே இருந்தது. இது வெறும் புறப்பாட நடவடிக்கை அல்ல என்பது எங்களுக்குப் புரிந்தது.

முதல் வாரம் மாணவர்கள் உற்சாகமாக வரைந்து தள்ளினார்கள். குத்துவிளக்கு, கோலம், தோகை விரித்த மயில். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்த அந்த அம்மா, "அழகா இருக்கு ஐயா. ஆனா நான் மயில் விற்கலையே!" என்றார்.

வடிவமைப்பின் முதல் பாடம் அதுதான். வரைவதற்கு முன் கேட்க வேண்டும். அறிவியல் ஆய்விலும் அப்படித்தானே? சிக்கல் என்னவென்று தெரியாமல் யாரும் சோதனைக் குழாயைக் கையில் எடுப்பதில்லை.

இரண்டாம் வாரம் மாணவர்கள் பென்சிலை வைத்துவிட்டுக் கேள்விகளோடு போனார்கள். யார் வாங்குகிறார்கள்? எதில் பார்ப்பார்கள், கணினியிலா கைப்பேசியிலா? தொலைபேசியில் கூப்பிடுபவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள்? பதில்கள் எங்கள் ஊகங்களைக் கலைத்தன. வாங்குபவர்களில் பலர் வயதானவர்கள். எல்லாரும் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். அவர்கள் கேட்பவை மூன்றே மூன்று: என்னென்ன வகை, என்ன விலை? எப்போது கிடைக்கும்? கடலை சேர்த்திருக்கிறதா?

மூன்றாவது கேள்வி சாதாரணமானது அல்ல. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிரோடு விளையாடும் விஷயம். எனவே, இந்த மூன்று பதில்களும் முதல் திரையிலேயே, விரலால் தள்ளாமலேயே தெரிய வேண்டும் என்று முடிவு செய்தோம். இணையத்தளக் கருத்துரு என்பது இதுதான். யார் வருகிறார், எதற்காக வருகிறார், எத்தனை படிகளில் அது அவர் கைக்குக் கிடைக்கிறது என்ற திட்டம். வணிக அடையாளம் என்பது பெயர், சின்னம், நிறம், எழுத்து ஆகியவை எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தெரிந்து, "இது அவர்தான்" என்று வாடிக்கையாளருக்கு நினைவூட்டுவது.

அச்சிலிருந்து வந்த வளைவு

சின்னத்திற்கான யோசனை அவர் சமையலறையில் கிடைத்தது. அவர் முறுக்கு அச்சை அழுத்திக்கொண்டே கையைச் சுழற்ற, மாவு வெள்ளைத் துணியில் சுருள் சுருளாக விழுந்தது. ஒரு மாணவி வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, "சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஒரே மாதிரி இருக்கு, டீச்சர்," என்றாள்.

அவள் கவனித்தது கணிதத்தில் பெயர் பெற்ற ஒரு வளைவு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்த சுருள் அது. மையத்திலிருந்து உள்ள தூரம், சுழலும் கோணத்திற்கு ஏற்ப ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகும். முறுக்கில் அது ஏன் வருகிறது? அச்சின் துளை ஒரே அளவு. எனவே, மாவுத்திரியின் தடிப்பும் ஒரே அளவு. ஒரு சுற்றை ஒட்டி அடுத்த சுற்று விழும்போது இடைவெளியும் சீராகத்தான் இருக்கும். நத்தை ஓட்டின் சுருளில் அப்படி இல்லை. வெளியே போகப்போக இடைவெளி விரிந்துகொண்டே போகும்.

அந்தச் சுருளே சின்னம் ஆயிற்று. மயில் போயிற்று.

சின்னத்தைக் கணினியில் எப்படிச் சேமிப்பது என்பதிலும் அறிவியல் இருக்கிறது. கைப்பேசியில் எடுக்கும் படம், பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகளின் கட்டம். அதைப் பெரிதாக்கினால் புள்ளிகளும் பெரிதாகி, ஓரங்கள் படிக்கட்டுபோல் தெரியும். வெக்டர் முறையில் சேமித்தால் கணினி புள்ளிகளை நினைவில் வைப்பதில்லை. "இங்கே தொடங்கு, இப்படி வளை, இங்கே முடி" என்ற கணிதக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்படும் அளவில் புதிதாக வரைகிறது. 3 சென்டிமீட்டர் ஸ்டிக்கரானாலும் 3 மீட்டர் பதாகையானாலும் கோடு கூர்மையாகவே இருக்கும். சின்னங்களை வெக்டரில் செய்வதற்குக் காரணம் இதுதான்.

திரையில் மஞ்சள் இல்லை

இனி நிறத்திற்கு வருவோம். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருந்தது.

உங்கள் கைப்பேசித் திரையில் மஞ்சள் நிறப் படம் ஒன்று தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரையில் மஞ்சள் ஒளியே இல்லை என்றால் நம்புவீர்களா? ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நுண் விளக்குகள்தாம் உள்ளன. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரியும்போது நம் மூளை அதை மஞ்சள் என்று எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு விளக்கிற்கும் 0 முதல் 255 வரை 256 நிலைகள். 256ஐ மூன்று முறை பெருக்கினால் 16,777,216. அத்தனை நிறங்களையும் இந்த மூன்று விளக்குகள் காட்டிவிடுகின்றன.

மூன்று விளக்குகள் போதும் என்பதற்குக் காரணம் திரையில் இல்லை. நம் கண்ணில் இருக்கிறது. விழித்திரையில் கூம்பு உயிரணுக்கள் மூன்று வகை. அவை ஏறக்குறைய 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளங்களில் கூடுதலாகத் துலங்குகின்றன. இந்த மூன்றும் அனுப்பும் சமிக்ஞைகளை ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தைக் கணிக்கிறது. 530உம் 560உம் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். அந்தச் சிறிய வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிகிறோம்.

சிலருக்கு இந்த இரண்டு வகைகளில் ஒன்று இருக்காது. அல்லது ஒன்று மற்றதன் பக்கம் நகர்ந்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொல்லும். அப்போது சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இதுதான் சிவப்பு-பச்சை நிறப்பார்வைக் குறைபாடு. இதற்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பழுது இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. அதனால் இது ஆண்களிடம்தான் அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெண்களிலோ ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான். ஆசிய மக்களிடம் சற்றுக் குறைவு என்றாலும், ஆண்கள் நிறைந்த ஒரு வகுப்பறையில் ஒருவராவது இருக்கும் வாய்ப்பு அதிகம்.

அணுக் கொள்கை பாடத்தில் நீங்கள் படிக்கும் ஜான் டால்டனும் இந்தக் குறைபாடு உடையவர்தான். 1794இல் தம் சொந்தப் பார்வையைப் பற்றியே ஆய்வுரை வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் தமக்கு இப்படி என்று அவர் நம்பினார். தாம் இறந்த பின் கண்ணைச் சோதித்துப் பார்க்கும்படி சொல்லியும் வைத்தார். 1844இல் அவர் இறந்த பிறகு மருத்துவர் பார்த்தார். திரவம் தெளிவாகவே இருந்தது. டால்டனின் கருதுகோள் தவறு. ஆனால், அந்தக் கண்ணின் பகுதி பத்திரமாக வைக்கப்பட்டது. 150 ஆண்டுகள் கழித்து, 1995இல், அதிலிருந்து எடுத்த மரபணுவைச் சோதித்தபோது உண்மைக் காரணம் தெரிந்தது. நடு அலைநீளக் கூம்புக்கான நிறமி அவரிடம் இல்லை. தம் கருத்து தவறாக இருக்கலாம் என்று எண்ணி, அதைச் சோதிக்கவும் வழிசெய்துவிட்டுப் போனாரே, அதுதான் எனக்குப் பிடித்த டால்டன்.

என் தவறு

அன்று மாலை அந்த மாணவனைத் தனியாக அழைத்துப் பேசினேன். இதை அவனிடமும் அவன் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், பேர் மட்டும் வேண்டாம்," என்றான்.

அவனுக்கு நெடுநாளாகவே ஓர் ஐயம் இருந்திருக்கிறது. ஆரம்பப் பள்ளியில் மரத்தின் தண்டுக்குப் பச்சை வண்ணம் தீட்டி எல்லாரும் சிரித்ததிலிருந்து, வண்ணப் பென்சிலில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிட்டுத்தான் எடுப்பானாம். அவன் அம்மாவின் அப்பாவும் 'கலர் சரியாகத் தெரியாதவர்' என்று வீட்டில் பேச்சு உண்டாம். நான் சற்று முன் சொன்ன எக்ஸ் குரோமோசோமை நினைத்துப் பாருங்கள். தாத்தாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேரனுக்கு. மகளிடம் இன்னொரு நல்ல எக்ஸ் இருப்பதால் அவருக்குக் குறை தெரிவதில்லை. ஆனால், மகனுக்குக் கடத்த முடியும்.

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "வெள்ளைப் பலகையில நீங்க சிவப்புலயும் பச்சையிலயும் வரையுற வரைபடத்துல எந்தக் கோடு எதுன்னு எனக்குத் தெரியாது, டீச்சர்."

எனக்குத் திக்கென்றது. இரண்டு ஆண்டுகளாக இந்த இரண்டு மார்க்கர்களையும்தான் நான் பயன்படுத்தி வருகிறேன். அது மட்டுமல்ல. பொதுக் காட்டி கொண்டு பி.எச். அளக்கும் செய்முறையில் நிறத்தைத் தவறாக எழுதினான் என்று அவன் மதிப்பெண்ணைக் குறைத்ததும் நினைவுக்கு வந்தது. ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று வரிசையாக மாறும் அந்தக் காட்டி, அவன் கண்ணுக்குக் கேட்ட கேள்வி; அவன் அறிவுக்குக் கேட்டது அல்ல. 'கவனக் குறைவு' என்று சிவப்பு மையில் எழுதி வைத்தவள் நான்தான்.

அடுத்த வாரம் அவன் பெற்றோர் கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார்கள். ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட, வண்ணப் புள்ளிகளுக்கிடையே எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டிச் சோதித்தார்கள். சந்தேகம் உறுதியானது. இது நோய் அல்ல. மங்கிக்கொண்டு போவதும் அல்ல. ஆனால், விமானி, மின்பணி போன்ற சில துறைகளில் நிறப்பார்வைச் சோதனை உண்டு என்பதால், துறையைத் தேர்ந்தெடுக்கும் வயதுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வெளிச்சத்தை எண்ணால் அளப்போம்

"சரி, எங்களுக்குத்தான் தெரியுதே? அவனைப் போல சிலருக்காக மாத்தணுமா?" என்று குழுவில் ஒருத்தி கேட்டாள். கேட்டது தவறில்லை. பதிலைக் கருத்தாகச் சொல்லாமல் கணக்காகப் பார்க்கச் சொன்னேன்.

இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் இருக்க வேண்டிய வேறுபாட்டிற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. அதற்கு முதலில் ஒவ்வொரு நிறத்தின் ஒளிர்வைக் கணக்கிட வேண்டும். கண்ணுக்கு எல்லா நிறமும் சமமான வெளிச்சமாகத் தெரிவதில்லை. முழு வெள்ளையின் ஒளிர்வு 1 என்றால், அதில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு 0.0722 மட்டுமே.

வேறுபாட்டு விகிதம் காண, கூடுதல் ஒளிர்வுடன் 0.05 சேர்த்து, குறைந்த ஒளிர்வுடன் 0.05 சேர்த்து, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் 1.05ஐ 0.05ஆல் வகுக்கிறோம், விடை 21. அதுதான் உச்சம். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது விதி.

மாணவர்கள் எங்கள் வடிவமைப்புகளைக் கணக்கிட்டார்கள். மங்கலமாக இருக்கட்டும் என்று வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்திருந்தோமே, அது? மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. ஒளிர்வு 0.9278. 1.05ஐ 0.9778ஆல் வகுத்தால் 1.07. வெள்ளையில் வெள்ளை எழுதியதற்குச் சமம்! கடலை பற்றிய எச்சரிக்கையை அந்த நிறத்தில்தான் எழுதியிருந்தோம்.

பச்சை இலையில் சிவப்பு எழுத்து? சிவப்பின் ஒளிர்வு 0.213, நாங்கள் எடுத்த இலைப் பச்சையின் ஒளிர்வு 0.154. விடை சுமார் 1.3. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

எழுத்தின் ஓரங்களைக் கூர்மையாகப் பிரித்துப் பார்க்க நம் கண் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டையே நம்புகிறது. நிற வேறுபாட்டை அல்ல. சாதாரணப் பார்வை உள்ளவருக்கு நிறம் கைகொடுத்ததால் அந்தப் பெயர் தெரிந்தது. ஆனால், வெயிலில், பழைய கைப்பேசியில், கண்புரை தொடங்கிய ஒரு பாட்டிக்கு அது தெரிந்திருக்காது. அந்த மாணவன் கண்டுபிடித்தது தன் குறையை அல்ல; எங்கள் வடிவமைப்பின் குறையை.

அன்றிரவு நிறங்களை மாற்றினோம். வெளிர் மஞ்சள் கலந்த வெண்மைப் பின்னணி. அதன் மேல் நன்கு வறுத்த முறுக்கின் அடர்பழுப்பில் எழுத்து. விகிதம் 12ஐத் தாண்டியது. அந்த அம்மா ஆசைப்பட்ட மஞ்சளை விடவில்லை. எழுத்தாக இருந்ததைப் பின்னணிக்கு மாற்றினோம். மஞ்சள் மேல் கறுப்பு எழுத்தின் விகிதம் 19.6. எச்சரிக்கைப் பலகைகளில் அந்தச் சேர்க்கையை நீங்கள் அடிக்கடி பார்ப்பதற்குக் காரணம் புரிகிறதா?

எழுத்து ஏன் உடைந்தது?

அடுத்தது பழைய தளத்தின் இரண்டு நோய்கள்.

முதலாவது, வேகம். அவர் கைப்பேசியில் எடுத்த ஒவ்வொரு படமும் 4,000 பிக்சல் அகலம், 3,000 பிக்சல் உயரம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். சுருக்கிய பிறகும் ஒரு படம் ஏறக்குறைய 4 மெகாபைட். பக்கத்தில் ஒன்பது படங்கள் இருந்தன; 36 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக 288 மெகாபிட். வினாடிக்கு 4 மெகாபிட் கிடைக்கும் மந்தமான இணைப்பில் அது இறங்க 72 வினாடி. முறுக்குக்காக யார் அத்தனை நேரம் காத்திருப்பார்? கைப்பேசித் திரைக்கு 800க்கு 600 போதும் என்று சிறிதாக்கினோம். பிக்சல்கள் 25 மடங்கு குறைந்தன. காத்திருப்பு சுமார் 3 வினாடியாகச் சுருங்கியது.

இரண்டாவது, உடைந்த தமிழ். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு தயாரிப்பாளரும் தமக்குப் பிடித்த எண்ணைத் தந்தார். என் கணினியில் 'மு' ஆக இருப்பது உங்கள் கணினியில் வேறு ஏதோ கிறுக்கலாகத் தெரியும். இன்று யூனிகோட் என்ற உலகப் பொதுமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் நிலையான ஓர் எண் உண்டு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழைக் கணினியில் ஏற்றியதில் நம் வட்டாரத்திற்கும் பங்குண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 'கணியன்' எழுத்துருவைத் தந்தார். அந்த அம்மாவின் விலைப்பட்டியல் பழைய எழுத்துரு ஒன்றில் இருந்ததால்தான் உடைந்தது. மாணவர்கள் அதை யூனிகோடில் மீண்டும் தட்டச்சு செய்தார்கள்.

ஒரு சிறிய வியப்பு. 'முறுக்கு' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்துகள். யூனிகோடில் அது எட்டுக் குறிகள்: ம, உகரக் குறி, ற, உகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. இணையத்தில் பரவலாகப் பயன்படும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்; ஆக 24 பைட். ஒரு படத்தின் 4 மெகாபைட் எங்கே, இது எங்கே! விலையைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? எழுத்தாக இருந்தால் தேடுபொறியும் கண்டுபிடிக்கும். பார்வையற்றவரின் கைப்பேசியும் படித்துக் காட்டும்.

ஐந்து பேரின் தீர்ப்பு

தளம் தயாரானதும், "சூப்பர்!" என்று நாங்களே சொல்லிக்கொள்ளவில்லை. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் ஒரு யோசனை சொன்னார். ஐந்தே பேரைப் பயன்படுத்திப் பார்க்க வைத்தால், தளத்திலுள்ள சிக்கல்களில் ஏறக்குறைய 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்பது அவர் கணிப்பு. நாங்களும் ஐவரைத் தேர்ந்தெடுத்தோம். அவர்களில் ஒருவர் ஒரு மாணவியின் பாட்டி. ஒரே நிபந்தனை: பக்கத்தில் இருக்கும் மாணவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

பாட்டி மூன்று முறை ஆணைப் பொத்தானைத் தொட முயன்றார். மூன்று முறையும் பக்கத்தில் இருந்த படம் திறந்தது. "எனக்கு இதெல்லாம் வராதுடி," என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேத்தியின் முகம் வாடிவிட்டது. ஆனால், தவறு பாட்டியுடையது அல்ல. 1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் கண்டறிந்த விதி ஒன்று உண்டு. குறி சிறிதாகவும் தொலைவாகவும் இருக்க இருக்க, கை அதைச் சென்றடைய எடுக்கும் நேரம் கூடும். எங்கள் பொத்தான் அரை சென்டிமீட்டர்தான் இருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக்கி, கட்டைவிரலுக்கு எட்டும்படி கீழே வைத்தோம். அடுத்த முறை பாட்டி ஒரே தொடலில் ஆணை கொடுத்தார். அரைக் கிலோ முள்ளு முறுக்கு. உண்மையிலேயே வாங்கிவிட்டார்.

ஸ்டிக்கர்கள் நான்கு நாள் தாமதமாக வந்தன. திரையில் பார்த்ததைவிட நிறம் சற்று மங்கல்தான். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. மை ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. இரண்டும் ஒன்றுபோல் இருக்க முடியாது. இம்முறை முதலில் ஒரே ஒரு மாதிரியை அச்சிட்டுப் பார்த்துவிட்டுத்தான் 2,000க்குச் சம்மதம் சொன்னோம். எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

அந்தத் தீபாவளிக்கு ஆணைகள் ஒரே பட்டியலாக வந்தன, எதுவும் மாறிப்போகவில்லை. ஆனாலும், அந்த அம்மா நோட்டுப் புத்தகத்தை விடவில்லை. "கரண்ட் போச்சுன்னா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான்.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இப்போது வெள்ளைப் பலகையில் ஒரு கோட்டை முழுக்கோடாகவும் இன்னொன்றைப் புள்ளிக்கோடாகவும் வரைகிறேன். பக்கத்திலேயே பெயரும் எழுதுகிறேன். நிறத்தைக் கொண்டு செய்யும் செய்முறைகளில் பி.எச். மீட்டரும் மேசையில் இருக்கிறது. அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்," என்றான். பரவாயில்லை என்று விட்டுவிடக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பில் யாராவது, "எனக்குத் தெரியவில்லை," என்று சொன்னால் சிரிக்காதீர்கள். உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்றை அவர் பார்த்திருக்கலாம்.

செய்து பாருங்கள்

1. ஒளிரும் கைப்பேசித் திரையில் மஞ்சள் படம் ஒன்றைத் திறந்து, விரல் நுனியால் மிகச் சிறிய துளி நீரை வையுங்கள். துளி உருப்பெருக்கியாக வேலை செய்யும். மஞ்சளுக்குள் சிவப்பும் பச்சையும் தெரிகின்றனவா? பார்த்ததும் துடைத்துவிடுங்கள்.

2. உங்கள் கைப்பேசி அமைப்புகளில் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும் வசதி இருக்கும். அதை இயக்கி, உங்கள் பள்ளி அல்லது கழக இணையத்தளத்தைப் பாருங்கள். எந்த எழுத்து மறைந்துபோகிறது?

3. வெள்ளைப் பின்னணியில் முழுச் சிவப்பு எழுத்தின் வேறுபாட்டு விகிதத்தைக் கணக்கிடுங்கள். சிவப்பின் ஒளிர்வு 0.2126. விடை 4.5ஐத் தொடுகிறதா? ஆசிரியர்கள் சிவப்பு மையில் எழுதுவதைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறீர்கள்?